கிளாரிஸ் கேட்ட ஊர்

ஹாலிஃபாக்ஸ்
9 மார்ச் 1969

அன்புள்ள ஈனிட்டுக்கு,

நான் நலம். முழங்கால் வழக்கம்போல முனகுகிறது, நான் வழக்கம்போலக் கண்டுகொள்வதில்லை. நீயும் வில்ஃபும் சுகம்தானே? அவர் இருமல் நிற்கவில்லை என்றால், ஈரக் கொட்டகையில் படகுக்கு வண்ணம் அடிப்பதை நிறுத்தச் சொல். நீ சொன்னால் கேட்க மாட்டார். அக்கா சொன்னாள் என்று சொல்.

விஷயத்துக்கு வருகிறேன். கிளாரிஸின் இடது காலை எடுக்கப் போகிறார்கள், முழங்காலுக்குக் கீழே. சர்க்கரை வியாதி. இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன. கோடை வரை பார்க்கலாம், ஆனால் ஆறும் என்று நம்பாதீர்கள் என்றார் டாக்டர். நான்தான் கூடப் போயிருந்தேன். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். வெளியே வந்ததும், "போன மாசம்தான்டி புது ஷூ வாங்கினேன். முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஒத்தையாக் குடுன்னு கேட்டிருப்பேன்" என்றாள். அந்த நடைபாதையில் நின்று இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ஒரு நர்ஸ் வந்து எட்டிப் பார்த்தாள்.

ஆகவே இந்த வருஷம் எங்கள் கடற்கரைப் பயணம் சரியாக அமைந்தாக வேண்டும். இரண்டு காலும் இருக்கும்போதே அவள் ஒருமுறை கடல் தண்ணீரில் நிற்க வேண்டும். இதை நான் முடிவு செய்துவிட்டேன். எந்த ஊர் என்பதுதான் பாக்கி.

எங்கள் சட்டம் உனக்குத் தெரியும். கிளாரிஸும் நானும் உட்பட, கம்பள ஆலையில் ஒரே கொட்டகையில் தறி ஓட்டிய ஆறு பேர். மே மாதம் ஆளுக்கு ஒரு ஊர்ப் பெயரைச் சீட்டில் எழுதி, செத்துப்போன என் வீட்டுக்காரருடைய தொப்பியில் போடுகிறோம். நான் ஒன்றை எடுக்கிறேன். வந்த ஊருக்குப் போக வேண்டும், முணுமுணுக்கக் கூடாது. மிச்சச் சீட்டுகளைப் படிக்காமலே நெருப்பில் போட்டுவிட வேண்டும். இருபது வருஷமாக இப்படித்தான். மழையில் நனைந்தோம், ஒருமுறை ஃப்ரீடா ஓட்டுநரின் தொப்பிக்குள்ளேயே வாந்தி எடுத்தாள், ஆனால் சட்டத்தை மீறியதில்லை.

நீ முப்பது வருஷமாகக் கடலோரத்தில் குடியிருப்பவள். கால் முடியாத ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போக எந்த ஊர் நல்லது என்று யோசித்து உடனே எழுது.

உன் அக்கா,
மேவிஸ்

விட்பி
17 மார்ச் 1969

அன்புள்ள அக்கா,

நலம். வில்ஃபிடம் நீ சொன்னதாகச் சொன்னேன். அன்று மட்டும் கொட்டகைக்குப் போகவில்லை. மறுநாள் போய்விட்டார்.

கிளாரிஸ் விஷயத்தைப் படித்துவிட்டு அடுப்பில் இருந்ததை மறந்துவிட்டேன், பால் பொங்கி வழிந்தது. என் கல்யாணத்தில் நாற்காலி போதாமல் இரண்டு மணி நேரம் நின்றுகொண்டே சாப்பிட்டவள் அவள். அந்தக் காலா?

நீ கேட்டதற்குப் பதில். சவுத்போர்ட் வேண்டவே வேண்டாம். அங்கே கடல் எங்கே இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு போக வேண்டும். சாலையிலிருந்து ஒரு மைல் மணலில் நடந்தால், தண்ணீர் இன்னும் தள்ளிப் போயிருக்கும். கிளீதோர்ப்ஸும் கிட்டத்தட்ட அப்படித்தான், கடல் உள்வாங்கி வற்றும் நேரத்தில் போனால் சேறுதான். ஸ்கார்பரோவில் மேலிருந்து கீழே இறக்கிவிட மின்தூக்கி உண்டு, ஆனால் சனிக்கிழமை வரிசையைப் பார்த்தால் திரும்பி வந்துவிடுவீர்கள். ஃபைலியில் மணல் அழகு, ஆனால் இறங்குகிற பாதை சரிவு. இறங்கிவிடலாம், சக்கர நாற்காலியை மேலே ஏற்றப்போவது யார்? ஃப்ரீடாவா?

பிரிட்லிங்டன்தான் சரி. சமதரை, பத்தடிக்கு ஒரு பெஞ்ச், கழிப்பறை பக்கத்தில். தண்ணீர் ஏறும் நேரத்தை மட்டும் பார்த்துப் போனால் கடல் காலடிக்கே வந்துவிடும். ஜூன் மாத அட்டவணையை வில்ஃபிடம் வாங்கி அனுப்புகிறேன்.

எங்கள் ஊருக்கு மட்டும் வராதீர்கள். நீ வந்தால் எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் இங்கே பார்க்க என்ன இருக்கிறது? குன்றின் மேல் தேவாலயமும் இடிந்த மடமும். அதற்கு ஏற நூற்றுத் தொண்ணூற்றொன்பது படி. சவப்பெட்டி தூக்கிப்போகிறவர்களே நடுவில் இறக்கிவைத்து மூச்சுவாங்கத் தட்டையான இடம் விட்டுக் கட்டிய படி அது. அவளைக் கீழே உட்கார வைத்து அதைக் காட்டுவது, பசித்தவனுக்கு அடுத்த வீட்டுப் பந்தியைக் காட்டுவது மாதிரி.

கிளாரிஸிடம் என் அன்பைச் சொல்.

உன் தங்கை,
ஈனிட்

ஹாலிஃபாக்ஸ்
24 மார்ச் 1969

அன்புள்ள ஈனிட்டுக்கு,

நலம். உன் கடிதம் கண்டேன். பிரிட்லிங்டன் என்று நானும் நினைத்ததுதான், நீயும் சொன்னதால் முடிந்தது. ஜூன் 21, சனிக்கிழமை. பஸ்ஸுக்கும் கிளெக்கிடம் சொல்லிவிட்டேன். அவர் ஓட்டினால் வளைவுகளில் ஃப்ரீடாவின் வயிறு சும்மா இருக்கிறது.

ஒரே ஒரு சிக்கல், கிளாரிஸேதான். "இந்த வருஷம் தொப்பி வேண்டாம்டி, பேசாம பிரிட்லிங்டன் போயிடலாம்" என்று நைசாக ஆரம்பித்தேன். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். "ஏன், இந்த வருஷம் என்ன விசேஷம்?" என்று கேட்டாள். "சட்டம்னா சட்டம். எனக்காக ஒண்ணும் மாத்தாதே. கால்தான்டி போகப்போகுது, நான் போகலை" என்றாள்.

சரி, சட்டப்படியே நடக்கட்டும். சீட்டை எடுக்கப்போவது என் கைதானே? பிரிட்லிங்டன் என்று எழுதிய ஒரு சீட்டை உள்ளங்கையில் மடித்து வைத்துக்கொள்வேன். தொப்பிக்குள் கைவிட்டு அதையே வெளியே எடுப்பேன். இருபது வருஷ நேர்மைக்கு ஒருநாள் விடுமுறை. நம் அம்மா உயிரோடு இருந்தால் காதைத் திருகியிருப்பாள். இருந்தாலும் நான் செய்யத்தான் போகிறேன். அவள் கால் கடலில் நனையும்போது யாருக்கும் தொப்பி ஞாபகம் இருக்காது.

அட்டவணையை அனுப்பு. வில்ஃபுக்கு என் விசாரிப்பு.

மேவிஸ்

விட்பி
28 ஏப்ரல் 1969

அன்புள்ள அக்கா,

நலம். பதில் எழுத ஐந்து வாரம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. வீட்டில் வேலை, அப்புறம் முழங்கால் வலி. சில நாள் கொஞ்சம் ஏறி இறங்கினேன், அதனால் வந்தது. இப்போது தேவலை.

அட்டவணை இதோடு இருக்கிறது. வில்ஃப் பிரிட்லிங்டனுக்கும் இந்த ஊருக்கும் சேர்த்தே குறித்துக் கொடுத்தார்.

பிரிட்லிங்டன் என்று முடிவாகிவிட்டதா? கிளாரிஸுக்கு எந்த ஊர் பிடிக்கும் என்று அவளையே கேட்டாயா? சும்மாதான் கேட்கிறேன்.

எங்கள் படிகளில் உட்கார நல்ல பெஞ்சுகள் இருக்கின்றன தெரியுமா? இத்தனை வருஷத்தில் நான் கவனித்ததே இல்லை.

அன்புடன்,
ஈனிட்

ஹாலிஃபாக்ஸ்
4 மே 1969

அன்புள்ள ஈனிட்டுக்கு,

நான் நலமாக இல்லை. எனக்குக் கொதிக்கிறது.

உன் பெஞ்சுகளை நீயே வைத்துக்கொள். நேற்று இங்கே நடந்ததைக் கேள்.

ஆறு பேரும் என் முன்னறையில். எல்லாரும் எழுதிப் போட்டாகிவிட்டது. என் சீட்டு உள்ளங்கையில் வியர்த்துக்கொண்டிருக்கிறது. தொப்பியை எடுக்கிறேன், கிளாரிஸ் கையை நீட்டுகிறாள்.

"இந்த வருஷம் நான் எடுக்கறேன்."

"எப்பவும் நான்தானே எடுப்பேன்?"

"எப்பவும் எனக்கு ரெண்டு காலு இருக்காது. குடுடி."

யார் என்ன சொல்ல முடியும்? கொடுத்தேன். ஒன்றை எடுத்தாள், பிரித்தாள், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். "விட்பி" என்றாள். சொன்ன கையோடு அந்தச் சீட்டையும் மற்றவற்றையும் சேர்த்து அடுப்பு நெருப்பில் போட்டுவிட்டாள். ஐந்து பேருக்கும் முகம் செத்துப்போயிற்று. அவள் மட்டும், "கேக்கை வெட்டுங்கடி, பாத்துட்டு நிக்கிறீங்க" என்கிறாள்.

எல்லாரும் போன பிறகு ஃப்ரீடா கையுறையை மறந்ததுபோலத் திரும்பி வந்தாள். "மேவிஸ், நான் அவ பக்கத்துல உக்காந்திருந்தேன். அந்தச் சீட்டு என் கையெழுத்து. நான் எழுதினது பிரிட்லிங்டன்" என்றாள்.

"நீயுமா?"

"அவளுக்குச் சமதரை வேணுமே. பெஸ்ஸியும் அதைத்தான் எழுதியிருக்கா. எல்லாரும்தான்."

ஆக, அவள் சீட்டைத் தவிர தொப்பியில் இருந்ததெல்லாம் பிரிட்லிங்டன். நான் அதையே உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பூனைபோல உட்கார்ந்திருந்தேன். கிளாரிஸோ எங்கள் எல்லார் கண்ணெதிரிலும் இல்லாத ஊரைப் படித்துவிட்டு நெருப்பில் போட்டுவிட்டாள். வெளியே சொல்லவும் முடியாது. சொன்னால் என் சீட்டையும் சொல்ல வேண்டும்.

ஏன் இப்படிச் செய்தாள்? எல்லாருக்கும் கஷ்டம் என்று தெரிந்த ஊரை வேண்டுமென்றே சொல்கிறாள். ஒருவேளை பயணமே நின்றுபோகட்டும் என்று நினைக்கிறாளோ? எனக்குப் பயமாக இருக்கிறது.

நீ ஒன்று செய். அவளுக்கு ஒரு கடிதம் எழுது. ஜூனில் படிகளைப் பழுது பார்க்கிறார்கள், பாலம் மூடியிருக்கும், ஊரில் விஷக்காய்ச்சல் என்று எதையாவது எழுது. நீ எழுதினால் நம்புவாள். அறுவைக்குத் தேதி குறித்துவிட்டார்கள், ஜூலை 17. விளையாட நேரமில்லை.

மேவிஸ்

விட்பி
12 மே 1969

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். நீ அமைதியாக உட்கார்ந்து இதைப் படி. தேநீர் போட்டுக்கொண்டு படி.

நான் அப்படி எழுத மாட்டேன். எழுதினாலும் பயன் இல்லை. ஏப்ரல் முதல் வாரமே கிளாரிஸிடமிருந்து எனக்குக் கடிதம் வந்துவிட்டது. நான் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். போன கடிதத்தை எழுதும்போது எனக்குப் பேனாவே ஓடவில்லை.

அவள் கேட்டது இதுதான். மொத்தம் எத்தனை படி, எங்கெங்கே உட்காரலாம், ஒரு படிக்கும் அடுத்ததுக்கும் எவ்வளவு உயரம், கைப்பிடி எந்தப் பக்கம். நான் தையல் நாடாவை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். மூன்று நாள் போனேன். படி எண்ணிக்கை மட்டும் மூன்று நாளும் மூன்று விதமாக வந்தது, இங்கே ஆளுக்கு ஒரு கணக்கு. முழங்கால் வலி அதனால் வந்ததுதான்.

சவப்பெட்டி இறக்கிவைக்கும் இடங்களைப் பற்றி எழுதலாமா என்று தயங்கினேன். கடைசியில் எழுதினேன். மறு தபாலில் பதில்: "செத்தவங்களைத் தூக்கிட்டே அவ்வளவு தூரம் போயிருக்காங்க. நான் உயிரோட, என்னை மட்டும் தூக்கிட்டுப் போகப்போறேன். எனக்கு அது போதும்."

அவளுக்குப் பயணம் நிற்க வேண்டும் என்றில்லை, அக்கா. ஏற வேண்டும். ஏன் என்பதை நான் சொல்ல மாட்டேன். அவள் உன் அடுத்த வீட்டில்தான் இருக்கிறாள். போய்க் கேள்.

அன்புடன்,
ஈனிட்

ஹாலிஃபாக்ஸ்
15 மே 1969

ஈனிட்டுக்கு,

கடிதம் கிடைத்தது.

நாற்பது வருஷமாக அவள் தும்மினால் எனக்குச் சுவரைத் தாண்டிக் கேட்கும். டாக்டரிடம் கூடப் போகிறவள் நான். கட்டு மாற்றுகிறவள் நான். ஆனால் மனதில் இருப்பதைச் சொல்ல எண்பது மைல் தள்ளி இருக்கிற என் தங்கைக்குத் தபால்தலை ஒட்டுகிறாள். நீயும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய்.

நல்லது. நீங்கள் இரண்டு பேருமே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பஸ் வேண்டும் என்றால் கிளெக்கின் விலாசம் அவளுக்குத் தெரியும். நான் வரவில்லை.

வில்ஃபின் உடம்பைப் பார்த்துக்கொள்.

மேவிஸ்

விட்பி
2 ஜூன் 1969

அன்புள்ள அக்கா,

நலம். உன்னிடமிருந்து கடிதம் இல்லை. கிளாரிஸிடமிருந்தும் இல்லை. தபால்காரர் வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் வில்ஃப் என் முகத்தைப் பார்க்கிறார்.

திட்டியாவது ஒரு வரி எழுது.

ஈனிட்

ஹாலிஃபாக்ஸ்
8 ஜூன் 1969

அன்புள்ள ஈனிட்டுக்கு,

நான் நலம். வில்ஃப் இனி உன் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொல். 21ஆம் தேதி காலை பதினொன்றரைக்கு உங்கள் பாலத்தடியில் இருப்போம். பஸ்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது.

மூன்று வாரம் நான் அவள் வீட்டுக்குப் போகவில்லை. கட்டு மாற்ற பெஸ்ஸியை அனுப்பினேன். போன வியாழக்கிழமை துணி காயப்போடும்போது வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள், ஒரு கையில் தடி. நான் திரும்பவில்லை. துணிக் கவ்வி ஒன்றைத் தூக்கி என் முதுகில் எறிந்தாள். திரும்பினேன். சத்தம் இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள், தறிச் சத்தத்தில் நாங்கள் பேசுவோமே, அப்படி. "கேளுடி. ஏன்னு கேளு."

போய்க் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"விட்பிக்கு எத்தனை தடவை போயிருக்கோம்?"

"மூணு தடவை."

"மூணு தடவையும் நீங்க எல்லாரும் மேல போனீங்க. நான் எங்க இருந்தேன்?"

யோசித்தேன், ஈனிட். எனக்கு ஞாபகம் வரவில்லை. அதுதான் என்னைக் கொன்றுவிட்டது. ஞாபகமே வரவில்லை.

"பை பாத்துக்கிட்டேன்" என்றாள். "நான் குண்டு, மெதுவா நடப்பேன், அதனால 'கிளாரிஸ் பையைப் பாத்துக்குவா'ன்னு நீ சொல்லிடுவே. விட்பின்னு இல்லை, எல்லா ஊர்லயும். குன்று, கோட்டை, கலங்கரை விளக்கம் எல்லாத்துக்கும் அடியில நான்தான். ஆறு பை, ஆறு கோட்டு. நீங்க இறங்கி வந்து மேல அது இருந்துது இது இருந்துதுன்னு சொல்வீங்க. எனக்கு அப்ப ஒண்ணும் தோணலை. அடுத்த வருஷம் போனாப் போச்சுன்னு விட்டுட்டேன்."

"சொல்லியிருந்தா..."

"சொல்லலை. உன் தப்பு இல்லை. ஆனா இப்ப கால் போகப்போகுதுன்னதும் நீங்க எல்லாரும் சேர்ந்து என்னைத் திரும்பவும் சமதரையில உக்கார வைக்கப் பாக்கறீங்களே, அதைத்தான்டி தாங்க முடியலை. காலை எடுத்த பின்னாடி மிச்ச ஆயுசு பூரா எனக்குச் சமதரைதான். எப்படியும் வெட்டப்போற காலு, அதைப் பொத்திப் பொத்தி வச்சு யாருக்குக் கொடுக்கப்போறேன்?"

டாக்டரைக் கேட்டாயா என்றேன். கேட்டாளாம். அவர் கூடாது என்றாராம். "சரிங்கன்னு சொல்லிட்டு வந்தேன். மரியாதை குடுக்கணும்ல" என்கிறாள்.

நான் பெரிய ஏற்பாட்டுக்காரி என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. இருபது வருஷம் ஊரைப் பார்த்தேன், பஸ்ஸைப் பார்த்தேன், தண்ணீர் ஏறும் நேரம் பார்த்தேன். கூட வருகிறவளைப் பார்க்கவில்லை. வெட்கமாக இருக்கிறது, அதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

நாங்கள் வருகிறோம். பெஞ்சுகளை மறுபடி எண்ணி வை.

உன் அக்கா,
மேவிஸ்

ஹாலிஃபாக்ஸ்
23 ஜூன் 1969

அன்புள்ள ஈனிட்டுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். ஃப்ரீடா வழியில் மால்டனில் ஒருமுறை மட்டும் வாந்தி எடுத்தாள். நீ கொடுத்த புகை போட்ட மீனின் வாசனை பஸ்ஸை விட்டு இன்னும் போகவில்லை என்று கிளெக் சொல்கிறார். வில்ஃபுக்கு ஆயிரம் நன்றி சொல். மீன்பெட்டி வண்டியைக் கழுவி, சாக்கு விரித்து, அதில் கிளாரிஸை ஏற்றிக் கல் பாவிய தெருவில் தள்ளிக்கொண்டு போனாரே, அவள் அரசி மாதிரி இரண்டு பக்கமும் கையை ஆட்டினாளே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

படியடியில் நான் ஏன் நின்றுவிட்டேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். "நீங்க போங்க, பையை நான் பாத்துக்கறேன், எனக்கு முழங்கால்" என்றேன். எல்லாரும் நம்பினார்கள். நீயும் நம்பினாய் என்று நினைக்கிறேன். அன்று முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. பக்கத்தில் நின்று பார்க்க எனக்குத் தெம்பு இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் நான் கணக்குப் போட்டது தப்பாகிவிட்டது. அவள் முதுகைக் காட்டிக்கொண்டு ஏறுவாள், நான் கீழே நிம்மதியாக அழலாம் என்று நினைத்தேன். அவளோ படியில் உட்கார்ந்து, கையை ஊன்றி, பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக ஏறினாள். முகம் முழுக்க என் பக்கம். நான் எங்கே போவேன்? ஒவ்வொரு பையாகத் திறந்து தலையை உள்ளே விட்டேன். நாற்பதாவது படியோ ஐம்பதாவதோ, நிமிர்ந்து பார்த்தால் பெஞ்சில் உட்கார்ந்து உதட்டை அசைக்கிறாள்.

"அந்த ஃப்ளாஸ்க்கை இன்னுமாடி தேடறே?"

கிடைத்துவிட்டது என்று காட்ட எதையோ தூக்கிக் காட்டினேன். அது பெஸ்ஸியின் குடை.

அப்புறம் படி வளைந்து அவள் மறைந்துவிட்டாள். ஆறு பைக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன், ஈனிட். ஐஸ்கிரீம் வைத்திருந்த யாரோ ஒருத்தர், "என்னம்மா, யாரையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

மேலே என்ன நடந்தது என்று எழுது. ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். கிளாரிஸைக் கேட்டால், "காத்து நல்லா இருந்துது" என்கிறாள்.

மேவிஸ்

விட்பி
27 ஜூன் 1969

அன்புள்ள அக்கா,

நலம். வில்ஃப் வண்டியை இன்னும் கொட்டகைக்குத் திருப்பவில்லை. அக்கம்பக்கத்தாரிடம் காட்டிக்கொண்டிருக்கிறார்.

மேலே நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மணி ஐம்பது நிமிஷம் ஆயிற்று. எல்லாப் பெஞ்சிலும் உட்கார்ந்தாள். பாதிக்கு மேல் அவள் பாவாடையின் பின்பக்கம் தேய்ந்துபோயிற்று, ஃப்ரீடா தன் கோட்டைக் கழற்றி இடுப்பில் கட்டிவிட்டாள். வலித்திருக்கும், அக்கா. உதடு வெளுத்துப்போயிருந்தது. நான் கையைக் கொடுத்தபோது, "தொட்டா கடிச்சிடுவேன்" என்றாள். கடைசிப் பத்துப் படிகளை மட்டும் எழுந்து நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலாலும் ஏறினாள். இடது கால், வலது கால், இடது கால்.

மேலே புல்லில் உட்கார்ந்து கடலைப் பார்த்தாள். அப்புறம் சுவரோரமாக எட்டிக் கீழே பார்த்துவிட்டு, "இங்கேருந்து பாத்தா மேவிஸ் எவ்வளவு சின்னதா இருக்கா" என்றாள். "கீழே நிக்கும்போது மலை மாதிரி இருப்பா." கொஞ்சம் கழித்து எங்கள் எல்லாரையும் பார்த்து, "அவ அழுதிட்டு இருக்கா. போனதும் யாரும் கேக்கக் கூடாது. கேட்டா அவளுக்கு அவமானமாயிடும்" என்றாள்.

அதனால்தான் யாரும் கேட்கவில்லை. நானும் உன் முழங்காலை நம்பவில்லை.

எப்படி இறக்குவது என்று யாருமே யோசிக்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. ஏறுவதற்கு நாடா வைத்து அளந்த நான், இறங்குவதை மறந்துவிட்டேன். ஃப்ரீடா அழ ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்துப் பின்பக்கம் ஹாரன் சத்தம். கிளெக் பஸ்ஸை மடத்துக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்!

"இப்படி ஒரு ரோடு இருக்குன்னா காலையிலயே பஸ்ஸை மேல கொண்டாந்திருக்கலாமே!" என்று ஃப்ரீடா கத்தினாள்.

"நான் மால்டன்லயே சொன்னேங்க" என்றார் கிளெக், கிளாரிஸைக் காட்டி. "நாலு மணி வரைக்கும் வாயத் தொறந்தா டயரைக் குத்திடுவேன்னுட்டாங்க இந்தம்மா."

அந்த ரோடு எனக்கும் தெரியும், அக்கா. முப்பது வருஷமாகத் தெரியும். ஒரு கடிதத்திலும் அதை நான் எழுதவில்லை என்பதை நீ கவனித்தாயா?

17ஆம் தேதி அவள் கூடவே இரு.

உன் தங்கை,
ஈனிட்

ஹாலிஃபாக்ஸ், ஆஸ்பத்திரி
16 ஜூலை 1969

அன்புள்ள மேவிஸுக்கு,

நலமா என்று கேட்கவில்லை, ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் உன்னைப் பார்த்தேன். இதை நாளை நான் உள்ளே போன பிறகு உன்னிடம் கொடுக்கச் சொல்லி நர்சிடம் கொடுத்திருக்கிறேன்.

மூன்று பேர் நிலாவுக்குக் கிளம்பிவிட்டார்களாம். வார்டு முழுக்க இதே பேச்சு. அங்கே போய்க் காலை வைப்பதுதான் பெரிய விஷயமாம். "அவங்க வைக்கிற வாரத்துலதான் நான் எடுக்கறேன்" என்று நர்சிடம் சொன்னேன். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் காய்ச்சல் பார்க்கிற குழாயை என் வாயில் செருகிவிட்டுப் போய்விட்டாள், பாவம்.

விட்பியைப் பற்றி ஏன் முதலில் உன்னிடம் சொல்லவில்லை என்று நீ இன்னும் யோசித்துக்கொண்டிருப்பாய். சொல்லிவிடுகிறேன். சொன்னால் நீ அழுதிருப்பாய். நீ அழுதால் நான் பயந்திருப்பேன். மார்ச் மாதம் டாக்டர் சொன்ன நாளிலிருந்து, காலையில் உன் வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டால், சரி, மேவிஸ் எழுந்துவிட்டாள், எல்லாம் ஏற்பாடாகிவிடும் என்று நானும் எழுந்துகொள்வேன். உன் அதட்டலைப் பிடித்துக்கொண்டுதான் இந்த நாலு மாதம் நடந்தேன். நீ நடிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நானும்தான் நடித்தேன். இரண்டு பேரும் நன்றாகவே செய்தோம் என்று நினைக்கிறேன்.

நாளைக்கும் நீ அப்படியே வர வேண்டும். நான் கண் விழிக்கும்போது சிஸ்டரை அதட்டிக்கொண்டிரு. போர்வை சரியில்லை என்று சொல். ஜன்னலைத் திறக்கச் சொல்.

ஆனால் அதற்கப்புறம், நான் வீட்டுக்கு வந்தபிறகு, ஒருநாள் நாம் இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழ வேண்டும். எனக்கு அழ வேண்டியது நிறைய இருக்கிறது, தனியாக அழப் பயமாக இருக்கிறது. தேதியை நீயே குறி. நமக்குள் தேதி குறிக்கத் தெரிந்தவள் நீதான்.

உன்,
கிளாரிஸ்

ஹாலிஃபாக்ஸ்
4 ஆகஸ்ட் 1969

அன்புள்ள கிளாரிஸுக்கு,

நேற்றுப் பார்த்தபோது கஞ்சியில் உப்பு இல்லை என்று சமையல்காரியைக் கூப்பிட்டுக் கேட்டாய். ஆகவே நலம் என்று எடுத்துக்கொள்கிறேன். நானும் நலம். இதை எதிரில் உட்கார்ந்து சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் எழுதி பெஸ்ஸியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

புதன்கிழமை வீட்டுக்கு வருகிறாய். வில்ஃப் அனுப்பிய ஊன்றுகோல் வந்துவிட்டது. படுக்கையைக் கீழறைக்கு மாற்றிவிட்டோம்.

நீ கேட்டது: ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி, உன் வீட்டில். மற்றவர்களுக்குச் சொல்லவில்லை. ஐந்தரைக்கு ஃப்ரீடா வருவாள், அதற்குள் முகம் கழுவிக்கொள்ள நேரம் இருக்கும்.

அதுவரை தாங்குவேன் என்றுதான் நினைக்கிறேன். தாங்க முடியாமல் போனால் முன்னாலேயே வந்து கதவைத் தட்டுவேன். நீ எழுந்து வந்து திறக்க நேரமாகும் என்று தெரியும். நான் வாசலில் நிற்பேன்.

உன்,
மேவிஸ்